இரண்டு கணக்குக்காரி

ஒருவருக்கு இரண்டு அடையாளங்கள் இருப்பது நேர்மைக் குறைவு என்று மார்க் ஸக்கர்பெர்க் ஒருமுறை சொன்னார். முகநூலின் கதையை எழுதிய டேவிட் கிர்க்பாட்ரிக்கின் 2010ஆம் ஆண்டுப் புத்தகத்தில் அது பதிவாகியிருக்கிறது. அலுவலகத்துக்கு ஒரு முகம், நண்பர்களுக்கு இன்னொரு முகம் என்று வைத்துக்கொள்ளும் காலம் முடிந்துவிட்டது என்பது அவர் எண்ணம். அப்போது அவர் முப்பதை எட்டாத இளைஞர், ஆண், தன் நிறுவனத்துக்குத் தானே முதலாளி. அவருக்கு ஒரு முகம் போதும்தான். அதைப் பார்த்துவிட்டு யாரும் அவரை விளக்கம் கேட்கப் போவதில்லை. பெண் பார்க்க வருவதாகச் சொன்னவர்கள் வராமல் இருந்துவிடப் போவதுமில்லை.

எனக்கு இரண்டு கணக்குகள். ஒன்றில் நான் தமிழ்த்துறை உதவிப் பேராசிரியர். அப்பாவின் முதலெழுத்து, முனைவர் பட்டம், கருத்தரங்க அழைப்பிதழ்கள் எல்லாம் அங்கே இருக்கும். இன்னொன்றில் வேறு பெயர், கவிதைகள். “இதுல எதும்மா உண்மையான நீங்க?” என்று முதுகலை மாணவி ஒருத்தி கேட்டாள். கேலி இல்லை. அவளுக்கும் இன்ஸ்டாகிராமில் இரண்டு இருந்தன. சித்தப்பா, அத்தை, அண்ணனின் நண்பர்கள் பார்க்கிற ஒன்று. தோழிகள் மட்டும் பார்க்கிற பூட்டிய இன்னொன்று. தான் பொய்க்காரியோ என்று அவளுக்குள் ஓர் உறுத்தல்.

தமிழ் படித்தவளிடம் இதற்கு ஒரு பதில் தயாராக இருக்கும். அகப்பாடலில் தலைவன், தலைவியின் பெயரைச் சொல்லக் கூடாது. சொல்லிவிட்டால் அது அகமாகாது. தொல்காப்பியத்து விதி இது. பெயரை மறைத்ததால் அகப்பாடல் பொய் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் இந்தப் பாதுகாப்பு எல்லாருக்கும் ஒரே மாதிரி கிடைக்கவில்லை. அகநானூறு 147இல் ஔவையார், அலைந்து திரிந்த வெள்ளிவீதியை உவமையாகச் சொல்கிறார். அதைப் பிடித்துக்கொண்டு, வெள்ளிவீதியார் பாடியதெல்லாம் அவருடைய சொந்தத் துயரம் என்றே இன்றும் வகுப்பறைகளில் பாடம் நடக்கிறது. கபிலர் குறிஞ்சித் தலைவியின் குரலில் எத்தனையோ பாடியிருக்கிறார். அவருக்கு யாரோடு களவு என்று ஒருவரும் கேட்டதில்லை.

என்னைக் கேட்டார்கள். முன்பு வேலை பார்த்த கல்லூரி ஒன்றில், என் கவிதையின் ஸ்கிரீன்ஷாட்டை ஒரு பெற்றோர் அலுவலகத்துக்குக் கொண்டுபோனார். அதில் வருகிற ‘நான்’ யார் என்று எழுத்துமூலம் விளக்கம் தரச் சொன்னார்கள். தன்மைக் கூற்று என்பது ஓர் உத்தி என்று இலக்கணப் பாடம் போல எழுதிக் கொடுத்தேன். அந்த வாரமே இரண்டாவது கணக்கைத் தொடங்கினேன்.

அந்தரங்கம் பற்றி எழுதிவரும் ஹெலன் நிஸன்பாம் என்ற பேராசிரியரின் வாதம் எனக்கு இங்கே உதவுகிறது. ஒரு செய்தி ரகசியமா, பகிரங்கமா என்று மட்டும் பார்த்தால் போதாது. அது எந்த இடத்தில் சொல்லப்பட்டதோ அந்த இடத்தின் முறைமையும் அதோடு சேர்ந்தே வருகிறது என்பார் அவர். மருத்துவரிடம் சொன்னது முதலாளியின் மேசைக்குப் போனால், சொன்னது உண்மையாகவே இருந்தாலும் தவறு நடந்துவிடுகிறது. கவிதை வாசகர்களுக்காக இட்டது அலுவலகக் கோப்பில் ஏறியதும் அப்படித்தான். நேர்மை என்பது எல்லாரிடமும் எல்லாவற்றையும் சொல்வதல்ல. வங்கியில் வேலை பார்க்கும் ஆண், கவுன்டரில் உட்கார்ந்து தன் காதலைப் பேசாததை யாரும் இரட்டை வேடம் என்பதில்லையே.

2014இல் அமெரிக்காவில், பெண்வேடக் கலைஞர்கள் மேடைப் பெயரில் வைத்திருந்த கணக்குகளை ‘உண்மைப் பெயர்’ விதியைக் காட்டி முகநூல் முடக்கியது. எதிர்ப்பு வலுத்ததும் அடுத்த ஆண்டு இறுதியில் விதி கொஞ்சம் தளர்ந்தது. தந்தை பெயர், கணவன் பெயர், சாதிப் பெயர் எல்லாவற்றையும் கழித்த பிறகு ஒரு பெண்ணிடம் மிஞ்சுகிற உண்மைப் பெயர் எது என்பதையும் அவர்களிடம் கேட்டிருக்கலாம்.

இதற்கு ஒரு வலுவான மறுப்பு உண்டு. நள்ளிரவில் நமக்கு ஆபாசச் செய்தி அனுப்புகிறவனுக்கும் இரண்டு கணக்கு இருக்கிறது. அவனுக்கும் இதே நியாயம்தானா? இல்லை. என் கவிதையைப் பற்றிக் கேட்டால் அந்தப் பெயரிலேயே பதில் சொல்கிறேன். அது நான்தான் என்று கல்லூரிக்கும் தெரியும். அவனுக்குத் திரை தேவைப்படுவது பதில் சொல்லாமல் தப்பிக்கத்தான். எத்தனை பெயர் என்று எண்ணுவதைவிட, அந்தந்தப் பெயரில் பேசியதற்குப் பொறுப்பேற்கிறோமா என்று பார்க்க வேண்டும். இன்னொரு மறுப்புக்கு என்னிடம் இவ்வளவு தெளிவான பதில் இல்லை. புடவை கட்டிய, ஆசையே இல்லாத ஆசிரியையை மட்டும் மாணவிகளுக்குக் காட்டுவதன் மூலம், எனக்கு விளக்கக் கடிதம் எழுத வைத்த அதே ஒழுங்கை நானும் காப்பாற்றுகிறேனா? ஓரளவு ஆம். அதற்கு விலையாக வேலையைக் கொடுக்க முடிந்தவர்கள் கொடுக்கட்டும். எல்லாரிடமும் அதை எதிர்பார்ப்பது கொடுமை.

பிரித்து வைப்பது சொல்வது போல எளிதுமல்ல. முகநூல் பக்கம் எதுவும் யாரோ ஒருவரின் சொந்தக் கணக்கின் வழியாகத்தான் இயங்கும். துறையில் கோலம் யார் போடுவது, குத்துவிளக்கு யார் துடைப்பது என்பது போலவே, பக்கத்தை யார் நடத்துவது என்பதும் பேசாமலே ஒரு பெண்ணின் தலையில் விழுகிறது. அதன் பிறகு இரவு பதினொரு மணிக்கு “அட்மிஷன் எப்போ?” என்ற கேள்வி அவள் கைபேசிக்கு வரும். நாக் குழுவுக்காக இடமும் நேரமும் பொறித்து எடுக்கும் படங்கள் கோப்போடு நிற்க வேண்டும். மாணவிகள் எந்தத் தெருவில் எத்தனை மணிக்கு இருப்பார்கள் என்பதை ஊருக்கே சொல்லும் படத்தைப் பக்கத்தில் போடக் கூடாது. நான் வேறு படம் எடுத்து, படத்தில் இருப்பவர்களைக் கேட்டுவிட்டே போடுகிறேன். மாணவிகளுக்குச் சொல்ல இன்னும் இரண்டு உண்டு. இன்ஸ்டாகிராமில் தொழில்முறைக் கணக்காக மாற்றிக்கொண்டால் அதைப் பூட்டி வைக்க முடியாது. இரண்டாவது கணக்கிலும் அதே கைபேசி எண்ணைக் கொடுத்து, தொடர்புப் பட்டியலையும் பார்க்க அனுமதித்தால், தெரிந்தவராக இருக்கலாம் என்று அது உங்களைச் சித்தப்பாவிடமே கொண்டுபோய் நிறுத்தும்.

அதனால்தான் சொந்தமாக ஓர் இணையதளம் வேண்டும் என்று நினைத்தேன். 2020 ஜூன் 29 அன்று டிக்டாக் உட்பட 59 செயலிகளை அரசு தடை செய்தது. அடுப்படியிலிருந்தும் வயல்வெளியிலிருந்தும் நடித்துக் காட்டிய பெண்கள் சேர்த்துவைத்த கூட்டம் சட்டென்று கலைந்தது. அடுத்தவர் திண்ணையில் கடை விரித்தால் அப்படித்தான். எளிய தளம் கட்டப் பெரிய படிப்பு வேண்டாம். தலைப்பு, சில பத்திகள், இணைப்புகள் கொண்ட ஓர் எச்டிஎம்எல் கோப்பு. அதைக் கிட்ஹப் பேஜஸில் இலவசமாகவே ஏற்றலாம். அதுவும் பயமாக இருந்தால் வேர்ட்பிரஸ், பிளாக்கர். கோப்பின் நகல் உங்கள் பென்டிரைவில் இருந்தால், ஓரிடம் மூடினாலும் இன்னோரிடத்தில் ஏற்றிக்கொள்ளலாம். டொமைன் மட்டும் சொத்தல்ல, வாடகை. காலாவதியாகும் முன் புதுப்பிக்காவிட்டால் வேறு யாராவது எடுத்துக்கொள்ளலாம். பதியும்போது வீட்டு முகவரியும் எண்ணும் கேட்பார்கள். அவை வெளியே தெரியாதபடி மறைக்கும் வசதி உண்டா என்பதை முதலில் விசாரியுங்கள்.

என் தோழிகள் பலருடைய தளம் கணவர் மின்னஞ்சலில் பதிவாகியிருக்கிறது, சிலருக்குத் தம்பியின் மின்னஞ்சலில். கடவுச்சொல்லும் அவர்களிடமே. “அவருக்குத்தான்பா இதெல்லாம் தெரியும்” என்கிறார்கள். வீட்டுப் பத்திரம் யார் பெயரில் என்று கேட்டால் கோபப்படத் தெரிந்தவர்கள்தான் எல்லாரும்.

என் தளத்தில் நான்கு பக்கங்கள் இருக்கின்றன. கவிதைகள், கட்டுரைகள், பாடத்துக்கான குறிப்புகள், கடிதம் எழுத ஒரு படிவம். லைக் எண்ணிக்கை கிடையாது, புகைப்படமும் போடவில்லை. முகப்பில் இரண்டு பெயர்களும் ஒன்றன்கீழ் ஒன்றாக இருக்கின்றன. எதை மேலே போடுவது என்று ஒரு மாலை முழுக்க மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு, கவிதைப் பெயரை மேலே போட்டேன்.