இளையோரை எதைக் காட்டி அழைப்போம்?

நம் சமுதாயத்து ஊர்கள் சிலவற்றில் அண்மைக்காலமாக ஒரு நல்ல வழக்கம் தோன்றியுள்ளது. ஜினாலயத்தில் அபிஷேகமும் பூஜையும் நிறைவுற்றபின் பெரியவர்கள் சிலர் மண்டபத்தில் அமர்ந்து குடும்பப் பொருள்நிலை பற்றி உரையாடுகின்றனர். எந்த வங்கி எவ்வளவு வட்டி தருகிறது, அஞ்சலகத்தில் முதியோர்க்கான திட்டம் யாது, கணக்கில் வாரிசு பெயரைப் பதிவது எவ்வாறு என்பன போன்ற பேச்சுகள். நிலத்தை விற்ற பணத்தை என்ன செய்வதென்று அறியாது திகைத்தோர் பலர் இத்தகைய பேச்சினால் தெளிவு பெற்றுள்ளனர். குறை ஒன்றே ஒன்று: வருவோர் அனைவரும் அறுபதைக் கடந்தோர். இக்கல்வி எவருக்கு மிகுதியும் வேண்டுமோ, அந்த இருபத்தைந்து வயதினர் வருவதில்லை.

எதைச் சொன்னால் அவர்கள் வருவார்கள் என்னும் கேள்வி எழுகிறது. முப்பது வயதில் கோடீசுவரர் ஆவது எவ்வாறு என்று தலைப்பிட்டு அறிவிக்கலாம் என்கிறார் ஒருவர். குலுக்கலில் வெள்ளிக்காசு தரலாம் என்கிறார் மற்றொருவர். இவர்கள் நல்லெண்ணம் உடையவர்களே. ஆயினும் நாம் சற்று நின்று சிந்திக்க வேண்டிய இடம் இது. மிகுபொருள் விரும்பாமையை இல்லறத்தார்க்கு உரிய ஐந்து அணுவிரதங்களுள் ஒன்றாகக் கொண்டவர்கள் நாம். ஆசைக்கு அளவு கற்பிக்க வேண்டிய இடத்துக்கு ஆசையையே தூண்டிலாகக் காட்டிப் பிள்ளைகளை அழைப்பது முறையாகுமா?

முறையே என்று வாதிப்பவர்க்கும் ஒரு நியாயம் உண்டு. ஆசிரியப் பயிற்சியில் ஊக்குவித்தல் என்பதை ஒரு பாடமாகவே நமக்குக் கற்பித்தார்கள். வாய்பாடு ஒப்பித்த குழந்தைக்கு மிட்டாய் கொடுத்தோம். நன்றாக எழுதிய சிலேட்டில் நட்சத்திரம் போட்டோம். அதனால் எந்தக் குழந்தையும் கெட்டுவிடவில்லை. ஆனால் மிட்டாய் வாய்பாட்டை மறுப்பதில்லை. மிட்டாய்க்காகக் கற்றாலும் ஏழெட்டு ஐம்பத்தாறுதான். கோடியைக் காட்டி அழைப்பது அப்படியன்று. கற்பிக்கப் போகும் பாடத்தையே அது முன்கூட்டி மறுத்துவிடுகிறது. கோடிக்காக வந்தவனிடம் போதும் என்ற சொல்லை எந்த நாளில், எந்த வாயால் சொல்வது? அவன் வேறொருவர் இரண்டு கோடி காட்டும்போது எழுந்து போய்விடுவான். அவனைக் குறை சொல்லவும் நமக்கு உரிமை இராது. நாம் கற்பித்தது அதுதானே.

இரண்டு கோடி காட்டுவோர் நம் நாட்டில் என்றும் குறைந்ததில்லை. 1990களில் தெருவுக்குத் தெரு முளைத்த நிதி நிறுவனங்கள் 24, 36 விழுக்காடு வட்டி என்று அழைத்தன. முதலை இழந்தோர் கூட்டம் பெருகவே, வைப்பீட்டாளரைக் காக்கத் தமிழக அரசு 1997இல் தனிச் சட்டமே இயற்ற நேர்ந்தது. கால் நூற்றாண்டு கழிந்தது. 2022இல் நம் வட மாவட்டங்களிலேயே, மாதந்தோறும் 30 விழுக்காடு வரை தருவதாகச் சொன்ன நிறுவனங்களில் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் பணம் கட்டி நின்றன. முன்னே ஆண்டுக்குச் சொன்ன வட்டியை இப்போது மாதத்திற்குச் சொன்னார்கள்; அப்போதும் நம்பினோம்.

இதை ஆறாம் வகுப்புக் கணக்காகக் கரும்பலகையில் போட்டுப் பார்க்கலாம். ஓர் இலட்சம் ரூபாய், மாதம் 30 விழுக்காடு, வட்டியை எடுக்காமல் முதலோடு சேர்க்க வேண்டும். ஓராண்டு முடிவில் அது 23 இலட்சத்தைத் தாண்டும். இரண்டாம் ஆண்டு முடிவில் 5 கோடியே 42 இலட்சம். மூன்றாம் ஆண்டு முடிவில் 126 கோடி. எந்த வணிகம், எந்த உழவு, எந்தத் தொழில் இதை ஈட்டித் தரும் என்று ஒரு சிறுமி கேட்டால் விடையில்லை. இதனை எதிரே உள்ள நேர்மையான கணக்கோடு ஒப்பிடுக. 1968இல் தொடங்கிய பொது வருங்கால வைப்பு நிதிக்கு 2020 ஏப்ரலில் வட்டி 7.1 விழுக்காடு என்று வகுத்தார்கள். அந்த வட்டியில் ஆண்டுத் தொடக்கந்தோறும் 12,000 ரூபாய் கட்டினால், பதினைந்து ஆண்டில் கட்டிய 1,80,000 ரூபாய் ஏறத்தாழ 3,25,000 ஆகும். அவ்வளவுதான். இதற்கு எக்காளம் ஊத முடியாது. ஊதாமல் சொல்வதே நம் கடமை.

சமந்தபத்திரர் அருளிய இரத்தினகரண்ட சிராவகாசாரம் நம் இல்லறத்தார்க்கு வழிகாட்டும் நூல். அதனைத் தழுவியதே தமிழில் உள்ள அருங்கலச்செப்பு. பொருள் வரைதல் என்னும் இவ்விரதத்திற்கு ஆசைக்கு அளவிடுதல் என்றே மற்றொரு பெயரும் உண்டென்று அந்நூல் கூறுகிறது. விரதத்தைக் குலைக்கும் ஐந்து குற்றங்களையும் எண்ணிக் காட்டுகிறது. அளவுக்கு மீறி ஓட்டுதல், மிகையாகச் சேர்த்தல், மிகையாக வியத்தல், மிகையான ஆசை, மிகையாகச் சுமையேற்றுதல் என்பன அவை. வண்டியும் எருதும் செல்வமாயிருந்த காலத்துச் சொற்கள் இவை. நடுவில் நிற்கும் வியப்பைப் பாருங்கள். பிறருடைய பெருக்கத்தைக் கண்டு வாய்பிளந்து நிற்பதே ஒரு குற்றமாக வைக்கப்பட்டிருக்கிறது. திருடவில்லை, பொய் சொல்லவில்லை, வெறுமனே வியந்தான்; அதுவும் விரதத்தைக் குலைக்கும். இன்று கைப்பேசியைத் திறந்தால் ஒருவன் தன் மகிழுந்தின்மேல் சாய்ந்து நின்று, ஆறு மாதத்தில் ஈட்டியதாக ஒரு தொகையைச் சொல்கிறான். பார்க்கும் பிள்ளையின் உள்ளத்தில் முதலில் எழுவது ஆசையன்று, வியப்பு. ஆசை அதன் பின்னால் வருகிறது. இவ்வரிசையை அறிந்து எழுதிய ஆசிரியரை எண்ணி மகிழ்கிறோம்.

அந்த வியப்பின் விலையும் இப்போது எண்ணாகவே கிடைக்கிறது. பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் செபி அமைப்பு 2024 செப்டம்பரில் ஓர் ஆய்வை வெளியிட்டது. எஃப் அண்டு ஓ என்று பிள்ளைகள் சுருக்கிச் சொல்லும் ஒப்பந்த வணிகத்தில் ஈடுபட்ட தனிநபர்களில், 2021-22 முதல் 2023-24 வரையான மூன்று நிதியாண்டுகளில், நூற்றுக்குத் தொண்ணூற்று மூவர் இழந்தனர். இழந்த மொத்தம் 1.8 இலட்சம் கோடி ரூபாய்க்கு மேல். இவ்வணிகத்தில் இறங்கியோருள் முப்பது வயதுக்கு உட்பட்டோர் 2022-23இல் 31 விழுக்காடாக இருந்து, அடுத்த ஆண்டே 43 விழுக்காடாயினர். இவர்களுள் நம் வீட்டுப் பிள்ளைகள் இல்லை என்று எவரும் நினைக்க வேண்டா.

இனி இளையோர் பக்கத்து வாதத்தையும் கேட்க வேண்டும். “உங்களுக்குச் சொந்த வீடு இருக்கிறது, பெரியப்பா. மாதம் பிறந்தால் ஓய்வூதியம் வருகிறது. எனக்குக் கல்விக்கடன் இருக்கிறது, சென்னையில் வாடகை இருக்கிறது. என்னிடம் வந்து அபரிக்கிரகம் பேசுகிறீர்களே!” இக்கேள்வியை மரியாதையின்மை என்று தள்ளிவிடலாகாது. தமிழக அரசுப் பணியில் 2003 ஏப்ரல் முதல் நாளுக்குப் பின் சேர்ந்தோர் பழைய ஓய்வூதிய முறையில் அன்றிப் பங்களிப்பு முறையில் வைக்கப்பட்டனர். ஒரே பள்ளியில், ஒரே கரும்பலகையின் முன் நின்றவர்களுள் மூத்தவர்க்கு ஒரு முதுமையும் இளையவர்க்கு வேறொரு முதுமையும் அமைந்துவிட்டது. முன்னவர் வரிசையில் இருப்பவர்கள் நாம். பின்னவரை நோக்கிப் போதும் என்ற சொல்லைச் சொல்லுமுன் நா கொஞ்சம் தயங்கத்தான் வேண்டும்.

தத்துவார்த்த சூத்திரம் அளவிட வேண்டிய பொருள்களை நிலமும் வீடும், வெள்ளியும் பொன்னும், கால்நடையும் தானியமும், பணிப்பெண்டிரும் பணியாளரும் எனச் சொல்லி, ஆடை பாண்டங்களோடு முடிக்கிறது. அந்தப் பட்டியலில் கடன் இல்லை. உடையவனை நோக்கி எழுந்த விரதம் அது. இன்றைய இளைஞனோ பூச்சியத்திற்குக் கீழிருந்து தொடங்குகிறான். ஆதலால் அவனுக்குப் பொருள் வரைதல் என்பது கடன் வரைதலாகவே முதலில் அமைய வேண்டும் என்பது நம் கருத்து. இத்தனை ரூபாய்க்கு மேல் கடன் அட்டையில் வாங்கேன், திருமணத்திற்கென்று வட்டிக்கு எடுக்கேன் என்று ஓர் எண்ணைத் தானே குறித்துக் கொள்ளட்டும். விரதத்தின் பெருமையே அவ்வெண்ணைத் தானே குறித்துக் கொள்வதில்தான் இருக்கிறது. எண்ணை நாம் சொன்னால் அது அறிவுரை. அவன் சொன்னால்தான் விரதம். திருமணக் கடனைப் பற்றிச் சொன்னோம். அந்த எண் பிள்ளையின் கையில் மட்டும் இல்லை என்பதைப் பெற்றோர் அறிவர்.

ஆனால் இளையோர் வாராமைக்குத் தலைப்பும் மிட்டாயும் காரணம் அல்ல என்றே நமக்குத் தோன்றுகிறது. காரணம் வேறு. நம்முடையது சிறிய சமுதாயம். வந்தவாசிப் பக்கத்தில் ஒருவர் தும்மினால் திண்டிவனத்தில் நலம் விசாரிப்பார்கள். மண்டபத்தில் ஒரு பையன் எழுந்து, ‘ஒப்பந்த வணிகத்தில் மூன்று இலட்சம் போய்விட்டது’ என்று சொன்னால், அடுத்த முகூர்த்தத்திற்குள் அது பெண் பார்க்கும் வீடுகளுக்கெல்லாம் போய்ச் சேர்ந்துவிடும். அவன் ஏன் வருவான்? முகம் தெரியாத ஒருவனிடம் கைப்பேசியில் கேட்பான். அந்த முகம் தெரியாதவன் மீண்டும் அவனிடமே விற்பான்.

இங்கேதான் நற்காட்சியின் எட்டு உறுப்புகளுள் இரண்டு நமக்குத் துணை நிற்கின்றன. ஒன்று, பிறர் குறையை மறைத்தலாகிய உபகூஹனம். இதற்கு எடுத்துக்காட்டாகச் சொல்லப்படுபவர் ஜினேந்திர பக்தர் என்னும் வணிகர். துறவு வேடத்தில் வந்து தம் வீட்டுச் சைத்தியாலயத்தின் மணியைத் திருடி ஓடியவனைக் காவலர் பிடித்தபோது, நான்தான் கொண்டுவரச் சொன்னேன் என்று ஊரார் முன் அவர் மறைத்தார். பின்னர்த் தனியே அவனுக்கு அறிவுறுத்தி அனுப்பிவிட்டார். அனுப்பிவிட்டார் என்பதை மறக்கலாகாது, மணியும் திரும்பியது. ஏமாந்தவன் இழப்பை மறைப்பதற்கு இது சான்று. ஊரார் பணத்தை வாங்கிச் சுருட்டியவரை நம்மவர் என்று மறைப்பதற்கு இது சான்றாகாது. இவ்விரண்டையும் குழப்பி, மறைக்க வேண்டியதைப் பரப்புவதும் பரப்ப வேண்டியதை மறைப்பதும் நம்மிடையே நடக்கிறது.

மற்றொன்று, தளர்ந்தவரை நிலைநிறுத்தலாகிய ஸ்திதிகரணம். சிரேணிக மன்னனின் மகன் வாரிசேணன் துறவு பூண்டபின், உடன் துறந்த நண்பனின் உள்ளம் விட்டுவந்த மனைவியையே பன்னிரண்டு ஆண்டுகள் நினைத்துக் கொண்டிருந்தது. வாரிசேணன் அவனைக் கடியவில்லை. தன் அரண்மனைக்கே அழைத்துச் சென்றான். தான் துறந்த தேவியரையும் செல்வத்தையும் அவன் கண்முன் நிறுத்தி, வேண்டுமானால் நீயே கொள்க என்றான். நண்பன் நாணித் தெளிந்தான். எளிய அறிவுரை பன்னிரண்டு ஆண்டில் செய்யாததை, தன் கணக்கைத் திறந்து காட்டியது ஒரு நாளில் செய்தது என்று இக்கதையை நாம் படிக்கிறோம். புலவர்கள் வேறுவிதமாகப் படிக்கலாம்.

ஆகவே பெரியவர்கள் செய்யத்தக்கது இது. கோடியைக் காட்ட வேண்டா. தம் கணக்குப் புத்தகத்தைக் காட்டுக. முதல் சம்பளம் எவ்வளவு, வீடு கட்ட எத்தனை ஆண்டு கடன் அடைத்தோம், தங்கையின் திருமணத்திற்கு எந்த நிலம் போயிற்று, எந்தச் சீட்டில் ஏமாந்தோம் என்பவற்றைப் பெற்ற பிள்ளைக்குக் கூடச் சொல்லாத குடும்பங்கள் நம்மிடையே மிகுதி. பொருளைப் பற்றிப் பேசினால் ஒன்று பெருமை, அல்லது வெட்கம் என்று பழகிவிட்டோம். தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல்க என்பது ஆசிரியப் பயிற்சியின் பாலபாடம். பிள்ளைக்குத் தெரிந்தது தன் வீடு, அங்கிருந்து தொடங்கலாமே.

பள்ளிகளில் சஞ்சாயிகா என்றொரு சேமிப்புத் திட்டம் இருந்தது. குழந்தைகள் பத்துப் பைசாவும் நாலணாவும் கொண்டுவருவார்கள். தொகையைப் பேரேட்டில் எழுதும் வேலையை மாணவரிடமே கொடுத்த வகுப்புகளில் சேமிப்பு தானாகவே வளர்ந்ததை ஆண்டுதோறும் கண்டோம். காசு போட்டதால் அன்று. கணக்கு தன் கையில் இருந்ததால். கூட்டங்களிலும் இளையோரைக் கேட்போராக உட்கார வைக்காது, கணக்கெழுதும் பொறுப்பையும் கேள்வி கேட்கும் உரிமையையும் கொடுத்துப் பார்க்கலாம். ஆலயத்தின் ஆண்டு வரவு செலவைச் சரிபார்க்கும் பணியே ஒரு நல்ல தொடக்கமாகும். அதை ஏற்க எத்தனை தர்மகர்த்தாக்கள் முன்வருவார்கள் என்பது வேறு செய்தி!

பெண் பிள்ளைகளைப் பற்றி ஒரு சொல். ஆதி பகவன் தம் மகளிருள் பிராமிக்கு எழுத்தையும் சுந்தரிக்கு எண்ணையும் கற்பித்தார் என்பது நம் புராணம். உலகில் எண் முதலில் ஒரு பெண்ணின் கைக்கே தரப்பட்டது என்று நாம் மேடைகளில் பெருமையோடு சொல்கிறோம். அதே பகவனுக்கு அத்தினாபுரத்தில் சிரேயாம்ச மன்னன் கருப்பஞ்சாறு ஈந்து தானத்தைத் தொடங்கிய நாள் அட்சய திருதியை. அந்நாளில் நகைக்கடை வாசலில் நம்மவரும் வரிசையில் நிற்கிறார்கள். சுந்தரிக்கு அன்று நாம் வாங்கித் தருவது வளையல். எண்ணை அவள் அண்ணனுக்குச் சொல்லித் தருகிறோம். கூட்டத்திற்குப் பெண்கள் வரவில்லை என்று குறைப்பட்ட ஓர் அன்பரிடம், அவர் இல்லத்து வங்கிக் கணக்கின் பாஸ் புத்தகம் எங்கே இருக்கிறதென்று அவர் மருமகளுக்குத் தெரியுமா எனக் கேட்டோம். மகளுக்கே தெரியாதே அம்மா என்றார்.

பெற்றோரும் பிள்ளைகளும் ஒரே அமர்வில் இருக்கலாமா, தனித்தனியே அமரலாமா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. சொந்த அத்தையின் முன்னிலையில் எவன் தன் கடனைச் சொல்வான் என்பது ஒரு சாரார் கேள்வி. நாம் தனி அமர்வையே விரும்புகிறோம். பிற ஊர்ப் பெரியவர் ஒருவர் அங்கே இருந்து கேட்கட்டும். பெயர்களைக் குறிப்பேட்டில் எழுத வேண்டா.