காணப்படும் உடலும் சுமக்கப்படும் உடலும்

உடலழகு ஒருவர் உழைத்து ஈட்டும் பொருளன்று. அது பிறப்போடு வாய்த்து, சில காலம் நின்று, பின் குறைந்து மறைவது. ஆயினும் அதைக் காட்சிப்படுத்தி ஊதியம் பெறுவதும், அதனால் வந்த அறிமுகத்தை முதலாக்கி வணிகம் நடத்துவதும், அவ்வணிகத்தின் வழியே சமூகத்தின் மேல்தட்டில் இடம்பிடிப்பதும் இன்று முறையான வாழ்க்கைவழியாக ஏற்கப்பட்டுள்ளன. இத்தகைய வாழ்வை ஒழுக்கக்கேடு என்று ஒதுக்குவதும் எளிது, வெற்றிக்கதை என்று கொண்டாடுவதும் எளிது. ஆனால் அவ்விரண்டும் அதனுள் கிடக்கும் மெய்யியல் வினாவைத் தொடுவதில்லை. தான் ஈட்டாத ஒன்றால் ஒருவர் செல்வமும் புகழும் அடையும்போது அந்தப் பயன் யாருக்கு உரியது, அதன்பொருட்டு அவர் யாருக்குக் கடன்பட்டவர் என்பதே அவ்வினா.

சைவ சித்தாந்தம் இதற்கு ஒரு தொடக்கம் தருகிறது. தனு என்னும் உடல், கரணம் என்னும் மனம் முதலிய அகக்கருவிகள், புவனம் என்னும் வாழுமிடம், போகம் என்னும் நுகர்பொருள் ஆகிய நான்கையும் இறைவனே உயிருக்கு அளிக்கிறான் என்றும், உயிரை அநாதியாகப் பற்றியிருக்கும் ஆணவம் என்னும் இருள் தேய்வதற்காகவே அவை அளிக்கப்படுகின்றன என்றும் அது கூறுகிறது. இதன்படி உடல் உயிரின் உடைமையாகாது. ஒரு காரியத்தின் பொருட்டு ஒப்படைக்கப்பட்ட கருவியாகவே அது நிற்கும். உடம்பை இழிவென்று கருதியிருந்த தாம், அதனுள்ளே உறுபொருளைக் கண்டபின் அதைப் பேணத் தொடங்கியதாகத் திருமூலர் சொல்வதும் இந்தக் கருத்தின் வழிப்பட்டதே. கருவியைப் பேணுவது கடமை. ஆனால் கருவியே நோக்கமாகிவிட்டால், அது எதற்காகத் தரப்பட்டதோ அந்தக் காரியம் நின்றுபோகிறது.

இவ்வினாவை வலியசாலையிலிருந்து எழுப்புவதற்குத் தனிப் பொருத்தம் உண்டு. திருவனந்தபுரத்தின் இப்பகுதி தமிழகத்திலிருந்து குடிபெயர்ந்தோரின் தெருக்களால் ஆனது. சிவன், திருமால், பிரமன் மூவருக்கும் சன்னிதிகள் அமைந்த காந்தளூர் மகாதேவர் கோயில் இங்கு உள்ளது. ராஜராஜ சோழனின் மெய்க்கீர்த்தியில் இடம்பெறும் காந்தளூர்ச் சாலை இவ்விடத்தைச் சார்ந்ததே என்று ஆய்வாளர் பலர் கருதுகின்றனர். ஆய் மன்னன் கோக்கருநந்தடக்கன் கி.பி. 866-இல் பார்த்திவசேகரபுரத்தில் 95 சட்டர்களுக்கு, அதாவது வேதம் பயிலும் மாணாக்கர்களுக்கு, சாலை என்னும் கல்விநிலையம் ஒன்றை நிறுவியபோது, காந்தளூரின் ஒழுங்கையே முன்மாதிரியாகக் கொண்டதாக அவனது செப்பேடு தெரிவிக்கிறது. மாணாக்கரின் உடலைப் பேணும் பொறுப்பை அறக்கொடை ஏற்றுக்கொள்ள, அவ்வுடல் கல்விக்குக் கருவியாக வேண்டும் என்பதே சாலை என்னும் அமைப்பின் அடிப்படை. உடலின் பயன் உடலுக்கு அப்பால் இருக்கிறது என்ற எண்ணம் அங்கு ஒரு நிறுவனமாகவே உருப்பெற்றிருந்தது.

கல்வியைக் கொண்டுவந்தவர்களைப் போலவே கலையைக் கொண்டுவந்தவர்களும் இந்நகருக்குக் குடிபெயர்ந்தனர். திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாளின் (1813–1846) அவைக்கு, இசையிலும் நடனத்திலும் புகழ்பெற்ற தஞ்சை நால்வருள் ஒருவரான வடிவேலு வந்தார். தஞ்சையின் நடனக்கலைஞர் சுகந்தவல்லியும் வந்து, மன்னரின் துணைவியாகி, தஞ்சாவூர் அம்மவீடு என்று பெயர்பெற்ற மனைக்கு உரியவரானார். ஆயினும் வரலாறு அவரை மன்னரோடு சேர்த்தே நினைக்கிறது. அவருடைய கலை எத்தகையது என்பதோ, அவர் உள்ளத்தில் என்ன இருந்தது என்பதோ அந்நினைவில் மிகச் சிறிய இடமே பெறுகிறது. புலம்பெயர்ந்த பெண்ணின் அழகும் ஆற்றலும் பிறர் பார்வையால் மதிக்கப்படும்போது, அவர் வாழ்வின் மையம் அவரிடமிருந்து பார்ப்பவரிடம் இடம்பெயர்ந்துவிடுகிறது என்பதற்கு இது ஒரு சான்று.

இக்காலத்தில் அதே நிலையைப் பேரளவில் வாழ்ந்து, அதே வேளையில் அம்மையத்தை மீட்டுக்கொள்ளவும் முயன்றவர் பத்மா லட்சுமி. 1970-இல் சென்னையில் தமிழ்க் குடும்பம் ஒன்றில் பிறந்த அவர், பெற்றோரின் மணமுறிவுக்குப் பின், செவிலியரான தாயைத் தொடர்ந்து நான்கு வயதில் அமெரிக்கா சென்றார். நியூயார்க்கிலும் கலிபோர்னியாவிலும் வளர்ந்து, விடுமுறைகளில் சென்னையிலுள்ள தாத்தா பாட்டியின் வீட்டுக்கு வந்துபோனார். கிளார்க் பல்கலைக்கழகத்தில் நாடகமும் இலக்கியமும் பயின்றுகொண்டிருந்தபோது, மாட்ரிட் நகரில் மாடலாகத் தேர்ந்தெடுக்கப்பட்டு, பாரிஸ், மிலான், நியூயார்க் ஆகிய ஆடையலங்கார மையங்களில் பணியாற்றினார். 1999-இல் முதல் சமையல் நூலை வெளியிட்ட அவர், 2006 முதல் 2023 வரை டாப் செஃப் தொலைக்காட்சித் தொடரை நடத்தினார். நகைகளையும் சமையல் பொருள்களையும் தம் பெயரில் விற்பனைக்குக் கொண்டுவந்தார். எழுத்தாளர் சல்மான் ருஷ்டியுடனான மணவாழ்வு (2004–2007) அவரை நியூயார்க்கின் விருந்துகளிலும் செய்தித்தாள்களின் சமூகப் பக்கங்களிலும் நன்கறியப்பட்ட முகமாக்கியது.

இந்த வாழ்வில் மெய்யியல் நோக்குக்கு உரிய முதல் நிகழ்வு அவரது 14-ஆம் வயதில் நேர்ந்தது. மாலிபுவிலுள்ள இந்துக் கோயிலுக்குச் சென்று திரும்புகையில் குடும்பம் சாலைவிபத்தில் சிக்கியது. அவரது வலக்கை நொறுங்கியது, இடுப்பெலும்பு முறிந்தது. அறுவை மருத்துவம் கையைக் காத்தது. ஆனால் முழங்கைக்கும் தோளுக்கும் இடையே நீண்ட தழும்பு நிலைத்துவிட்டது. இறைவனை வழிபட்டுத் திரும்புவோருக்கு ஏன் இந்தத் துன்பம் என்ற வினா பக்தியின் மிகப் பழைய வினாக்களுள் ஒன்று. சித்தாந்தம் வினையை மூன்றாகப் பகுத்து இதற்கு விடை காண்கிறது. பல பிறவிகளில் ஈட்டிக் குவிந்த வினை சஞ்சிதம். அதிலிருந்து இப்பிறவியில் நுகர்வதற்கென வந்தது பிராரத்தம். அதை நுகரும்போது புதிதாகச் செய்யப்படுவது ஆகாமியம். இந்த விடை துன்புறுபவரைக் குற்றவாளியாக்கிவிடக்கூடும் என்ற மறுப்பு வலுவானது. பிறர் துயரைக் கண்டு அது அவர்களின் வினைப்பயன் என்று சொல்லி விலகிச் செல்வோர் அதை அவ்வாறே கையாண்டும் வந்திருக்கின்றனர். ஆனால் அப்பகுப்பின் உண்மையான வலிமை பழியைக் கண்டறிவதில் இல்லை. வந்தது மாற்ற முடியாததாயினும் வந்ததைக்கொண்டு செய்வது மனிதரின் கையில் இருக்கிறது என்று அது வரையறுப்பதில்தான் உள்ளது.

தழும்பின் பின்கதை இவ்வரையறையைச் சோதனைக்கு உள்ளாக்குகிறது. தொடக்கத்தில் ஒப்பனையால் மறைக்கப்பட்டு வந்த அதைப் புகைப்படக் கலைஞர் ஹெல்மட் நியூட்டன் அவ்வாறே படமெடுக்க விரும்பினார். அதன்பின் ஆடை வடிவமைப்பாளர்களும் தழும்போடு அவரை நாடத் தொடங்கினர். குறையே அழகாக ஏற்கப்பட்டது என்று இதைப் பாராட்டுவது வழக்கம், ஓரளவு அது நியாயமும்கூட. எனினும் சந்தை தழும்பை ஏற்றபோது அதையும் ஒரு தனித்தன்மையாக விலைக்கு எடுத்துக்கொண்டது என்பதை மறக்கலாகாது. காயம் காட்சிப்பொருளானதால் உடல் பிறர் பார்வையிலிருந்து விடுபட்டுவிடவில்லை. அந்தப் பார்வையின் சுவை மட்டுமே மாறியது.

பார்வையிலிருந்து முழுமையாக விடுபடும் வழியைத் தமிழ்ச் சமய மரபில் காரைக்கால் அம்மையார் காட்டினார். வணிகக் குடியில் பிறந்து, வணிகனை மணந்து, இல்லறம் நடத்திய புனிதவதியார், கணவனுக்காகத் தாங்கிய ஊனுடலை இனித் தாங்க வேண்டுவதில்லை என்று இறைவனிடம் வேண்டிப் பேய்வடிவம் பெற்றதாகப் பெரியபுராணம் உரைக்கிறது. அவ்வடிவத்தை எவரும் விரும்பவோ, விலைபேசவோ, உரிமை கொண்டாடவோ இயலாது. அதனாலேயே அவரது குரல் முழுமையும் அவருடையதாயிற்று. ஆனால் இந்தத் துறவு உச்சநிலையினருக்கு உரியது. உலகில் இருந்து, பொருளீட்டி, மக்களை வளர்க்கும் பெண்ணுக்கு அதை அளவுகோலாக்குவது அறமாகாது.

உலகில் இருப்போருக்கு அணுக்கமான வழியைச் சாத்தனாரின் மணிமேகலை காட்டுகிறது. ஆடல் மகளிரின் குலத்தில் பிறந்து, அழகே தொழிலாக விதிக்கப்பட்ட அவளை அரசகுமாரன் உதயகுமாரன் விடாது தொடர்கிறான். கடல்கடந்து மணிபல்லவம் சேர்ந்து, அள்ள அள்ளக் குறையாத அமுதசுரபியைப் பெற்றுத் திரும்பும் அவள், காயசண்டிகையின் தீராப் பசியைத் தீர்க்கிறாள், சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக்குகிறாள். பிறர் கண்ணுக்கு விருந்தாக வேண்டிய வாழ்வு பிறர் பசிக்கு விருந்தளிக்கும் வாழ்வாகத் திரும்புகிறது. பத்மா லட்சுமியின் வாழ்விலும் அழகிலிருந்து உணவை நோக்கிய திருப்பம் உண்டு. ஆயினும் ஒரு வேறுபாட்டை மறைத்து இரண்டையும் ஒன்றாக்குவது நேர்மையாகாது. அமுதசுரபிக்கு விலையில்லை, தொலைக்காட்சிக்கும் நூலுக்கும் விலை உண்டு. எனினும் 2020-இல் அவர் தொடங்கிய டேஸ்ட் த நேஷன் தொடர், அமெரிக்கப் பழங்குடியினரும் அங்குக் குடியேறியவர்களும் சமைக்கும் உணவை அவர்களின் உழைப்போடும் இழப்போடும் சேர்த்துக் காட்டி, காணப்படும் இடத்தில் அவர்களை நிறுத்தியது. தம்மீது விழுந்த பார்வையைப் பிறர்மீது திருப்பியது அப்பணியின் சிறப்பு.

இவ்வாழ்வின் ஆழமான பகுதி வலியைச் சார்ந்தது. கருப்பையின் உட்படலத்தை ஒத்த திசு கருப்பைக்கு வெளியே வளர்ந்து கடும் வலி தரும் எண்டோமெட்ரியோசிஸ் என்னும் நோய், இளமையிலிருந்தே அவரை வருத்தியது. 36-ஆம் வயதில்தான் அது கண்டறியப்பட்டது. உலகம் கண்டு வியந்த உடலும் அவர் மாதந்தோறும் சுமந்த உடலும் ஒன்றே. ஆனால் முன்னதை அறிந்த பல கோடிப் பேருள் பின்னதை அறிந்தவர் மிகச் சிலர். மாதவிலக்கைத் தீட்டென்று ஒதுக்கி, அதன் வலியைப் பெண் பிறவியின் இயல்பென்று பொறுத்துக்கொள்ளச் செய்த குடும்ப வழக்கம் இந்த அறியாமைக்கு ஒரு காரணம். அவ்வழக்கத்துக்குச் சமயத்தின் பெயர் கவசமாயிருந்தது என்பதைச் சமயச் சிந்தனை வெளிப்படையாக ஒப்புக்கொள்ள வேண்டும். உடலை இறைவன் தந்த கருவி என்று கற்பித்துவிட்டு, அக்கருவி வலியில் துடிக்கும்போது அதை அசுத்தம் என்று விலக்குவது தன்னோடு தானே முரண்படும் கொள்கை.

2009-இல் மருத்துவர் டேமர் செக்கினுடன் இணைந்து அவர் அமெரிக்க எண்டோமெட்ரியோசிஸ் அறக்கட்டளையை நிறுவினார். ஆய்வையும், பள்ளி மாணவியருக்கான விழிப்புணர்வையும் முன்னெடுக்கும் அந்நிறுவனத்துக்கு அவரது புகழே பெருந்துணையாயிற்று. காணப்படும் உடல் ஈட்டித் தந்த புகழ், காணப்படாத வலியைப் பேசவைக்கும் குரலாக மாறிய இடம் இதுவே. செல்வந்தர்கள் தம் பெயர் விளங்கும்பொருட்டே அறம் செய்கின்றனர் என்ற ஐயம் இங்கும் எழலாம்; தன்முனைப்போடு செய்யும் நல்வினையும் ஆகாமியமாய் உயிரைக் கட்டும் என்று சித்தாந்தமும் எச்சரிக்கிறது. ஆனால் செய்பவரின் உள்ளத்தை அளப்பது பிறரால் இயலாதது. வலியோடு வாழும் சிறுமிக்கு மருத்துவ உதவி இருபது ஆண்டுகள் முன்னதாகக் கிடைக்குமாயின் அந்தப் பயன் மெய்யானது என்பதோ ஐயத்துக்கு இடமற்றது.

முயன்று ஈட்டிய பொருள் எல்லாம் தக்கார்க்கு உதவுவதற்கே என்று திருக்குறளின் ஒப்புரவறிதல் அதிகாரம் விதிக்கிறது. உழைத்துப் பெற்றதற்கே இந்தக் கடப்பாடு உண்டெனில், உழையாமல் வாய்த்த அழகின் பயனுக்கு அது இன்னும் கூடுதலாகவே உண்டு. எனவே அழகால் வாழ்வதா, வாழக்கூடாதா என்பது சரியான வினாவன்று. கல்வி, குரல், உடல்வலிமை, குடிப்பிறப்பு ஆகிய பேறுகளுள் ஒன்றேனும் உழையாமல் வாய்க்காதவர் எவரும் இலர். வலியசாலையில் கல்வியால் வாழ்ந்தவர்களுக்கும் அக்கல்விக்கு அடிப்படையான நினைவாற்றலும் பிறப்பும் தாமே படைத்துக்கொண்டவை அல்ல. மாடலின் அழகை மட்டும் தனியே நிறுத்தித் தீர்ப்பு வழங்குவது, மற்றவர்கள் தம் கடனை மறப்பதற்கே உதவும். வாய்த்தது கொடை என்று உணர்ந்து, அதன் பயனைத் தனக்குள் அடைத்துவிடாமல் அது இல்லாதவரிடம் கொண்டுசேர்ப்பது ஒன்றே உடலைப் பெற்ற உயிர் செய்யக்கூடிய நேர்மையான பதில். அந்தப் பதிலை அழகியிடம் எதிர்பார்க்கும் சமூகம் அதே கண்டிப்போடு தன் அறிஞரிடமும் செல்வரிடமும் அதை எதிர்பார்க்கக் கடமைப்பட்டது.