தோலுக்கு ஒரு நியாயம்

"இதுல பாவம் ஒட்டியிருக்குமா தம்பி?" என்று கேட்பவர்கள் அதிகமாகிவிட்டார்கள். நான் விற்பது பழைய பென்ஸ், பி.எம்.டபிள்யூ கார்களின் சீட்டுத் தோலில் கையால் தைத்த பர்ஸ். புதுத்தோல் பர்ஸ் வாங்குகிறவர் இதைக் கேட்பதில்லை, விலையைத்தான் கேட்பார். பழைய தோல் என்றால்தான் மனசாட்சி விழித்துக்கொள்கிறது.

சுத்த சைவமான ஒரு அம்மா, மிருதங்கம் படிக்கும் பேரனுக்காக வாங்க வந்தார். கேள்வியையும் கேட்டு, சமாதானத்தையும் அவரே சொன்னார்: "மாடு எப்பவோ செத்துப்போச்சு. குப்பைக்குப் போக வேண்டியதுதானே?"

வள்ளுவர் அவர் பக்கம்தான். தின்பவர் இல்லையென்றால் விற்பவரும் இல்லை என்பது புலால் மறுத்தலில் வரும் வாதம். அதாவது, காசு போகிற வழியில்தான் பாவமும் போகிறது. என் காசு ஜி.பி. ரோட்டில் சீட் கவர் மாற்றுகிறவரோடும், புதுப்பேட்டையில் கார் உடைக்கிறவரோடும் நின்றுவிடும். அறுப்பவர் கைக்கு எட்டாது. பௌத்தத்தில் பிக்குவுக்கு மூன்று நிபந்தனை உண்டு. தனக்காகக் கொன்றதைப் பார்க்கவில்லை, கேட்கவில்லை, சந்தேகமும் இல்லை என்றால் பிச்சையில் வந்த இறைச்சியை உண்ணலாம். அதிலும் என் பர்ஸ் தேறிவிடும்.

ஆனால் சீட்டைப் பிரிக்கிறவனுக்கு இந்தச் சமாதானம் முழுதாக ஒட்டுவதில்லை. உடம்பு படும் இடத்தில் மட்டும் தோல், பக்கவாட்டில் ரெக்ஸின். சில கார்களில் மொத்தமுமே ரெக்ஸின்தான். ஸ்பாஞ்சை உரித்து, பசையைச் சுரண்டி, மடிப்பு வரும் ஓரத்தைக் கத்தியால் பாதி கனத்துக்குச் சீவும்போது, மேல்பூச்சுக்கு அடியில் சிலவற்றில் வெளிர்நீல நார் தெரியும். குரோமில் பதனிட்ட நிறம் அது. எத்தனை கை மாறினாலும் அது ஓர் உடம்புதான். மேலே, உட்கார்ந்தவரின் சுருக்கம் இருக்கும். அதைத்தான் அழகு என்று தேடி எடுக்கிறார்கள். ரோல்ஸ் ராய்ஸுக்குக் காளைத்தோல்தான் வேண்டுமாம். சினைப்பட்ட பசுவின் தோலில் வரி விழுந்துவிடும் என்று. மாட்டின் தழும்பு ஆகாது, மனுஷன் உட்கார்ந்த தழும்பு ஆகும்!

என் தாத்தா பல்லாவரத்தில் தோல்ஷாப்பு வேலை பார்த்தவர். ஆவாரம்பட்டைத் தண்ணீரில் ஊறி ஊறி நகமெல்லாம் பழுப்பாக இருக்கும். டீக்கடையில் அவருக்குத் தனி கிளாஸ். அவர் எந்த மாட்டையும் கொன்றதில்லை. கொன்ற பாவம் யாருக்கு என்று நூல்கள் ஆயிரம் நுணுக்கம் பேசட்டும். ஊர் அதை இறக்கி வைத்தது பதனிட்ட கையின் மேல்தான்.

பெரியபுராணத்திலேயே இது இருக்கிறது. ஆதனூர் நந்தனார் சிவன் கோயில் பேரிகைகளுக்குத் தோலும் வாரும், யாழுக்கும் வீணைக்கும் நரம்பும் கொடுத்தார். அந்தத் தோல் உள்ளே போய் முழங்கியது. கொடுத்தவர் திருப்புன்கூரில் வெளியே நின்றார். அவர் பார்ப்பதற்காக நந்தி விலகியது, அவ்வளவுதான். அவரை உள்ளே விடவில்லை. தில்லையில் தீயில் இறங்கி எழுந்த பிறகுதான் உள்ளே போனார். தோலை யாரும் தீயில் இறக்கவில்லை.

ஆக, ஒரு பொருள் எங்கிருந்து வந்தது என்று பார்க்காமல், எதற்குப் பயன்படுகிறது என்று பார்த்து மன்னிக்கத் தெரிந்த சமயம்தான் இது. ஆளிடம் மட்டும் வந்த வழியைக் கேட்டது. எனக்கு இருக்கிற வழக்கு அதோடுதான், அந்த அம்மாவோடு அல்ல.

பேரனின் மிருதங்கத்தில் பசு, ஆடு, எருமை மூன்றும் இருக்கிறது என்று சொன்னேன்.

"அது வாத்தியம்ப்பா" என்றார்.

நானும் நேராகவே சொன்னேன்: "இதுல மாடு இருக்கும்மா. அதைக் கொன்னது கொன்னதுதான். உங்க காசால இன்னொரு மாடு சாகாது, அந்த மட்டும் நிச்சயம்."

பர்ஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கோயிலுக்குக் கொண்டுபோகலாமோ?"

"தோல் எப்பவோ உள்ளே போயிடுச்சும்மா."