விலகி நிற்றலும் தானமே

ஆகாரம், ஔஷதம், சாஸ்திரம், அபயம் எனத் தானங்களை நான்காக வகுத்தனர் நம் ஆன்றோர். முதல் மூன்றையும் நம் இல்லத்துச் சிறுவர்களே விளக்கிவிடுவர். பசித்தவர்க்கு உணவு, பிணியுற்றவர்க்கு மருந்து, கற்பவர்க்கு நூல். நான்காவதாகிய அபயதானம், அஃதாவது அஞ்சும் உயிர்க்கு அச்சமின்மையை அளித்தல், அத்துணை எளிதில் விளங்குவதில்லை. கொல்லாதிருந்தால் அபயம் அளித்ததாகிவிடும் என்று எண்ணி அமைதி கொள்கிறோம். நாமும் நெடுங்காலம் அவ்வாறே எண்ணியிருந்தோம். சென்ற தைத் திங்களில் பாம்பனில் கழித்த ஒரு நாள் அவ்வெண்ணத்தைக் கலைத்தது.

ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் வாழும் நம் மகள் விடுமுறைக்கு வந்திருந்தாள். அவள் மகளுக்குப் பதினொரு வயது. கடற்பசுவைப் பார்க்க வேண்டும் என்பது அச்சிறுமியின் விருப்பம். பாக் நீரிணையிலும் மன்னார் வளைகுடாவிலும் வாழும் அவ்விலங்கை மீனவ மக்கள் ஆவுளியா என்பர். கடலடிப் புல்லை மேய்ந்து, மூச்சுக்காக மேலே வந்து, கன்றுக்குப் பாலூட்டி வாழும் சாது விலங்கு அது. எழுபது ஆண்டுகள் வரை வாழவல்லது. பல ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒரே ஒரு கன்றை ஈனுவது. இறைச்சிக்காக வேட்டையாடப்பட்டும் வலைகளில் சிக்கியும் அருகிப்போய், இந்தியக் கடல்களில் இன்று சில நூறே எஞ்சியுள்ளது. அதனைக் காக்கவே தமிழ்நாடு அரசு 2022 செப்டம்பரில் பாக் நீரிணையில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பைக் கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தது.

காலையில் பாம்பன் பாலத்தைக் கடந்து, தீவின் மறுமுனையாகிய தனுஷ்கோடிக்குச் சென்றோம். 1964 டிசம்பர்ப் புயலில் அழிந்த அவ்வூரை அடுத்த ஆழமற்ற நீர்ப்பரப்பில் குளிர்காலத்தில் பூநாரைகள் வந்து இரை தேடுகின்றன. அப்பகுதி 2025 ஜூனில் பூநாரைச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. நூற்றுக்கு மேற்பட்ட பறவைகள் தலையைக் கவிழ்த்து, அலகால் நீரை அரித்து உண்டுகொண்டிருந்தன. வண்டிகளில் வந்திறங்கியோர் கைப்பேசிகளை உயர்த்தியவாறு ஈரமணலில் நடந்தனர். நாமும் அவர்களோடு நடந்தோம். பறவைகள் முதலில் தலை நிமிர்ந்தன. பின்னர் விலகி நடந்தன. முடிவில் ஒருசேரப் பறந்தெழுந்தன. செந்நிறச் சிறகுகள் வானில் விரிந்த காட்சியைக் கண்டு அனைவரும் கைதட்டினர். நாமும் தட்டினோம்.

“பாட்டி, அவை சாப்பிட்டுக்கொண்டிருந்தனவே, ஏன் எழுந்து போயின?” என்று கேட்டாள் சிறுமி.

நம்மிடம் விடையில்லை. விருந்தினர் உண்ணும் பந்தியில் நுழைந்து இலையை இழுத்துவிட்டு, அவர் எழுந்து செல்லும் அழகைக் கண்டு மகிழ்வோரும் உண்டோ? நெடுந்தொலைவு பறந்து வந்த பறவைக்கு, ஒருமுறை வீணே பறந்தெழுவதும் தேடிச் சேர்த்த வலிமையை இழப்பதே. நாம் அவற்றைக் கொல்லவில்லை, தொடவுமில்லை. எனினும் அபயம் அளித்தோம் என்று சொல்ல நா எழவில்லை.

பிற்பகலில், குந்துகாலிலிருந்து குருசடைத் தீவுக்கு வனத்துறையின் மேற்பார்வையில் செல்லும் படகில் ஏறினோம். 1897 ஜனவரியில் மேலைநாடுகளிலிருந்து திரும்பிய சுவாமி விவேகானந்தர் கரையிறங்கிய இடம் இக்குந்துகால். குருசடையோ 1986இல் அறிவிக்கப்பட்ட மன்னார் வளைகுடா கடல்வாழ் உயிரினத் தேசியப் பூங்காவின் தீவுகளில் ஒன்று. வழியில் ஓங்கில்கள் தென்பட்டன. டால்பின் என்று ஏடுகளில் படிப்பதை இக்கரை மக்கள் ஓங்கில் என்றே அழைக்கின்றனர். படகை அருகே செலுத்துமாறு சிலர் வற்புறுத்தினர். படகோட்டியோ விசையை நிறுத்திவிட்டார்.

“தாயோடு கன்று போகிறது. துரத்தினால் கன்று பால் குடிக்காது. அதுவாக வந்தால் பார்ப்போம்” என்றார். பணம் கொடுத்திருக்கிறோமே என்று ஒருவர் முணுமுணுத்தார். “படகுக்குக் கொடுத்தீர்கள் ஐயா, ஓங்கிலுக்குக் கொடுக்கவில்லையே” என்றார் அவர், சினமின்றி.

படகு அசையாது நின்றது. தாயும் கன்றும் சற்றுத் தொலைவில் இருமுறை மேலே வந்து, மூச்சுவிடும் ஒலி மட்டும் கேட்க, தம் வழியே சென்றன. அவ்வளவே. ஆயினும் காலையில் நூறு பறவைகள் எழுந்தபோது இல்லாத நிறைவு அப்போது உண்டாயிற்று. அவற்றின் நாள் நம்மால் குலையவில்லை.

இவ்விடத்தில் ஒரு தடை எழும். காணாத உயிரிடத்துக் குழந்தைகளுக்கு அன்பு எங்ஙனம் பிறக்கும்? ஆசிரியப் பயிற்சியில் நமக்குக் கற்பித்ததும் அதுவே: சொல்லால் விளக்குவதினும் பொருளை நேரே காட்டிக் கற்பிப்பது சிறப்பு. அவ்விதியை மறுக்க நாம் முன்வரவில்லை. ஆயின் அவ்விதியின் பெயரால் நாமே செய்த பிழையொன்றை இங்குச் சொல்லியாக வேண்டும்.

1978ஆம் ஆண்டு, பாம்பனுக்குச் சாலைப் பாலம் வருமுன், மாணவியரைப் புகைவண்டியில் இத்தீவுக்கு அழைத்து வந்தோம். கடல் வற்றிய வேளையில் அவர்கள் ஐவிரல் சங்குகளைப் பொறுக்கினர். உள்ளே உயிர் இருந்தது. பள்ளியின் அறிவியல் அறைக்கு வேண்டும் என்று நாமே அவற்றைக் கொதிநீரில் இடச்சொன்னோம். ஊர்வன பறப்பனவற்றுக்கு இரங்கிய நமக்கு, ஓட்டினுள் ஒடுங்கிக் கிடந்த உயிர் உயிராகத் தோன்றவில்லை. நத்தையையும் சிப்பியையும் ஈரறிவுயிர் எனத் தொல்காப்பியம் வகுத்ததை வகுப்பில் விளக்கியவர்கள் நாம்! பவளம், கடற்குதிரை, கடலட்டை ஆகியவற்றைக் காக்கும் சட்டம் 2001இல்தான் வந்தது. நமக்கோ அதற்கு முன்பே, சட்டத்தினும் மூத்த விரதம் ஒன்று இருந்தது. கருணையின்மையால் அன்று, கவனமின்மையால் அதனை மீறினோம். பிரமாதத்தால் நேரும் ஊறும் இம்சையே என்பது நம் ஆகமம் அறிந்தோர்க்குப் புதிதன்று.

ஆகவே காட்டுவதில் குற்றமில்லை. எதனைக் காட்டுகிறோம் என்பதே வினா. அருகில் இழுத்துக் காட்டினால், உயிர்கள் நம் மகிழ்ச்சிக்காக உள்ளன என்று குழந்தை கற்கும். விலகி நின்று காட்டினால், அவை தமக்காக வாழ்கின்றன என்று கற்கும்.

உணவிடுதலாவது அறமன்றோ எனில், அதற்கும் அளவு வேண்டும். மேற்கு ஆஸ்திரேலியாவின் மங்கி மியா கடற்கரையில் மக்கள் பல்லாண்டுகள் ஓங்கில்களுக்குக் கையால் மீன் ஊட்டினர். அங்ஙனம் உணவு பெற்ற தாய்களின் கன்றுகள், பிற கன்றுகளைவிட மிகுதியாக இறந்தன என்பதைப் பின்னர் ஆய்வாளர் கண்டனர். தாய் கரையில் காத்திருக்க, கன்று பேணுதல் குறைந்தது. 1990களில் ஊட்டுதலைக் கடுமையாகக் கட்டுப்படுத்திய பின்னரே நிலை சீர்ப்பட்டது. ஒரு மீனைக் கொன்று மற்றோர் உயிர்க்கு ஊட்டும் முரண்பாடு ஒருபுறமிருக்க, அன்பு என்று நாம் கருதியதே அக்கன்றுகளுக்குக் கேடாயிற்று. தானே இரை தேடி வாழும் உயிர்க்கு ஆகாரமும் ஔஷதமும் சாஸ்திரமும் நம்மிடமிருந்து வேண்டியதில்லை. அதற்கு நாம் அளிக்கக்கூடிய தானம் ஒன்றே, அது நான்காவது.

யாத்திரை செல்லும் குடும்பங்கள் சிறிய நியமம் ஒன்றை மேற்கொள்ளலாம். நம் வரவால் ஓர் உயிர் தன் உணவையோ உறக்கத்தையோ விட்டுத் தலை நிமிருமாயின், அவ்விடத்திலேயே நிற்றல். நின்ற பின்னும் அமைதியுறாவிடில் பின்வாங்கல். கடற்கரையிலிருந்து எதனையும் எடுத்து வாராமை. கடையில் வாங்காமையும் அதனுள் அடங்கும்.

ஆவுளியாவை அன்று நாம் காணவில்லை. பொழுது சாயுமுன் உணவு முடிக்க வேண்டிக் கரை திரும்பினோம். சிறுமியின் முகம் வாடியிருந்தது. “அது இங்கே இருக்கிறதா, பாட்டி?” என்றாள். “இருக்கிறது. நம் கண்ணில் படாமல் எங்கோ புல் மேய்ந்துகொண்டிருக்கும்” என்றோம். அவள் சற்று நேரம் கடலைப் பார்த்திருந்துவிட்டு, “அப்படியானால் சரி” என்றாள்.

ஊர் திரும்பிய மறுநாள், நம் அலமாரியில் இருந்த ஐவிரல் சங்கைக் கையிலெடுத்து, “இதற்குள் இருந்தது என்னவாயிற்று?” என்று கேட்டாள். இத்தனை ஆண்டுகளாகப் பிறர் கேட்டபோதெல்லாம் கடற்கரையில் கிடந்தது என்றே சொல்லி வந்தோம். அவளிடம் நடந்ததைச் சொன்னோம். செய்த பிழையை வாய்விட்டுச் சொல்லுதல் பிரதிக்கிரமணத்தின் முதற்படி. அவள் அதனை அலமாரியில் திரும்ப வைக்கவில்லை. நம் கையில் கொடுத்தாள். இக்கட்டுரை அதன் பொருட்டே எழுதப்பட்டது.