வாங்கும் கை

கொடுக்கும் மேற்கை, வாங்கும் கீழ்க்கையைவிடச் சிறந்தது என்னும் கருத்துடைய நபிமொழியை அறியாத முஸ்லிம் இல்லம் தமிழகத்தில் இராது. ரமலான் மாதத்து ஜகாத் சொற்பொழிவுகளில் அது தவறாமல் எடுத்துரைக்கப்படுகிறது. ஈவோனை ஊக்குவிக்க வந்த அந்த மொழியை, வாங்குவோனைத் தாழ்த்தும் மொழியாகக் கேட்டுப் பழகிவிட்டோமோ என்ற ஐயம் எனக்கு நெடுநாளாக உண்டு. 2023ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்துப் பெருமழை அந்த ஐயத்தை வலுப்படுத்தியது.

அம்மாதம் 18ஆம் நாள் காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் பதிவான மழை ஏறத்தாழ 95 சென்டிமீட்டர். ஓராண்டு முழுவதும் அவ்வட்டாரத்தில் பெய்யும் மழையினும் மிகுதியானது ஒரே நாளில் கொட்டித் தீர்ந்தது. தாமிரபரணி கரை புரண்டது, குளங்கள் உடைந்தன, ஸ்ரீவைகுண்டம், ஏரல், ஆத்தூர் என ஆற்றோரத்து ஊர்கள் தீவுகளாயின. காயல்பட்டினம் எத்தகைய ஊர் என்பதை நம் வாசகர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கடல் கடந்து வாணிபம் செய்து, ஈட்டியதில் பிறர்க்கும் பங்கு வைத்த ஊர். கொடுத்தே பழகிய கைகள் அன்று பாலுக்கும் குடிநீருக்கும் நீள வேண்டியதாயிற்று.

அந்தப் பக்கத்தில் எனக்கு உறவான மூதாட்டி ஒருவர் இருக்கிறார். கீழ்த்தளத்தில் இடுப்பளவு நீர் நிற்க, பேரப்பிள்ளைகளோடு மாடியில் ஒதுங்கியிருந்தார். நீரில் நீந்தாத குறையாக வந்த இளைஞர்கள் சோற்றுப் பொட்டலங்களை நீட்டினார்கள். "எங்களுக்கு வேண்டாம் வாப்பா, இல்லாதவங்களுக்குக் கொடுங்க" என்று திருப்பி அனுப்பிவிட்டார். அடுப்போ நீருக்குள்; அன்றிரவு பிள்ளைகள் உண்டது ஊறிய அவல். "ஏன் மாமி அப்படிச் செய்தீர்கள்?" என்று பின்னொரு நாள் கேட்டேன். "ஜகாத் கொடுத்த வீடு இது. வாங்கிட்டா அப்புறம் என்ன இருக்கு?" என்றார்.

மாமி செய்தது சரிதானா? தன்மானம் என்று மெச்சிவிட்டுப் போக எனக்கு மனமில்லை. பிள்ளைகளின் பசி குறுக்கே நிற்கிறது.

கபீஸா என்னும் நபித்தோழரைப் பற்றிய ஹதீஸ் ஒன்று ஸஹீஹ் முஸ்லிமில் உள்ளது. பிறருக்காகப் பொறுப்பேற்ற தொகையைச் செலுத்த வழியின்றி நாயகத்திடம் (ஸல்) உதவி கேட்டு வந்தார் அவர். மூவரைத் தவிர வேறெவரும் கேட்பது ஆகுமானதன்று என்று அவரிடம் கூறப்பட்டது. அவரைப்போல் பொறுப்பேற்றவர் முதலாமவர். பேரிடரால் பொருளை இழந்தவர் இரண்டாமவர். வறுமையுற்றவர் மூன்றாமவர், அவருடைய வறுமைக்கு அவர் சமூகத்தின் அறிவுடைய மூவர் சான்று கூற வேண்டும். பேரிடரில் இழந்தவருக்கோ சாட்சி கேட்கப்படவில்லை. வறுமை கதவுக்குப் பின்னால் இருப்பது. வெள்ளம் ஊரறிய வருவது. நீர் ஏறிய சுவரே அவருக்குச் சாட்சி.

இன்னும் ஒன்று. ஜகாத் பெறுவோர் எண்வகையினருள் கடனாளிகளும் உளர். வெள்ளம் பொருளை அடித்துச் சென்றவரையும் அவ்வகையில் சேர்த்து எண்ணினார், முற்கால விரிவுரையாளரான முஜாஹித். சொந்த ஊரில் செல்வராயினும் வழியில் பொருளற்றுப்போன பயணிக்கும் அந்த எட்டில் இடமுண்டு. ஆகவே, நேற்றுவரை ஜகாத் கொடுத்தவர் இன்று அதைப் பெறுவதில் முரண் ஏதுமில்லை. மாமி திருப்பி அனுப்பியது அவருக்குரிய பங்கை.

அந்த ஹதீஸில் உரிமைக்கு ஓர் எல்லையும் சொல்லப்பட்டிருக்கிறது: வாழ்க்கைக்கு ஓர் ஆதாரம் கிடைக்கும்வரை. இதை நாம் போதிய அளவு எண்ணிப் பார்த்ததில்லை. வெள்ளம் வந்த முதல் வாரத்தில் நம் லாரிகள் சாலையை அடைத்துக்கொண்டு செல்கின்றன. சோறு மீந்து வீணாவதும் உண்டு. நீர் வடிந்ததும் நாமும் வடிந்துவிடுகிறோம். உப்பளத்தில் கூலி வேலை செய்தவனுக்குப் பாத்தி சீராகும்வரை வேலையில்லை. வாழை சாய்ந்த தோட்டக்காரனுக்கு அடுத்த தார் வெட்டப் பல மாதங்களாகும். தையல் எந்திரத்தைச் சேற்றிலிருந்து எடுத்த பெண்ணுக்குப் பத்தாவது சோற்றுப் பொட்டலம் எதற்கு?

ஆயினும், உரிமை உண்டென்று சட்டம் சொல்லிவிட்டால் நாணம் போய்விடுமா? வள்ளுவர் 'இரவு' என்றோர் அதிகாரம் வைத்து, அதனையடுத்தே 'இரவச்சம்' என்றும் வைத்தார். இரண்டும் மெய் என்பதனால்தான் அருகருகே வைத்தார் போலும். அந்த நாணத்தைக் காக்கும் பொறுப்பு கொடுப்பவனைச் சேர்ந்தது. நமக்குத் தந்தால் கண்ணை மூடிக்கொண்டல்லாது வாங்கமாட்டோம் என்னும்படியான மட்டமான பொருளைத் தருமத்துக்கென ஒதுக்காதீர் என்று திருமறையின் இரண்டாம் அத்தியாயம் எச்சரிக்கிறது. நிவாரணத்துக்கென்று நாம் கட்டும் துணிமூட்டைகளை ஒருமுறை அவிழ்த்துப் பார்த்தால் அவ்வெச்சரிக்கையின் பொருள் விளங்கும். படம் எடுப்பதை நான் முற்றாகக் குறை கூறவில்லை. வெளிப்படையாகக் கொடுப்பதையும் நன்றென்றே அதே அத்தியாயம் கூறுகிறது. பணம் அனுப்பியோருக்குக் கணக்குக் காட்டவும் வேண்டும். அரிசி மூட்டையைப் படமெடுங்கள்; வாங்குபவரின் முகம் எதற்கு?

அதே டிசம்பர் 17 இரவு, திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றது. அப்பால் தண்டவாளத்தின் அடிமண் அரிக்கப்பட்டிருந்தது. ஏறத்தாழ 800 பயணிகள். ஒரு பகுதியினர் பள்ளிக்கூடத்தில் தங்கவைக்கப்பட, எஞ்சியோர் 19ஆம் நாள்வரை நிலையத்திலேயே சிக்கியிருந்தனர். அவர்களுக்கு அருகிலுள்ள புதுக்குடி மக்கள் கோயிலில் சமைத்துச் சோறிட்டார்கள். அம்மக்களும் வெள்ளத்தால் துண்டிக்கப்பட்டவர்களே. அங்கே மேல் கை எது, கீழ் கை எது என்று பிரித்துச் சொல்வது கடினம். பயணிகள் கூசாமல் உண்டார்கள். வழிப்போக்கனுக்கு அது எளிது. சொந்த வீட்டு வாசலில் நின்று வாங்குவதுதான் அரிது.

2024 ஜூலையில் வயநாட்டு நிலச்சரிவுக்காக வசூல் செய்ய வந்தவர்களிடம் மாமி இரண்டு புதுப் புடவைகளைக் கடைத்தாள் பிரிக்காமல் கொடுத்தனுப்பினார். கூடவே ஒரு செய்தியும் சொன்னாராம்: "அங்கேயும் வேண்டாம்னு சொல்ற பொம்பளைங்க இருப்பாங்க. அவங்ககிட்டே கேட்டுக்கிட்டு நிக்காதீங்க வாப்பா. வாசல்லே வச்சுட்டு வந்துடுங்க."