பெயரில்லாத பணம்

கீழக்குயில்குடிச் சமணர் மலையில், பேச்சிப்பள்ளத்துச் சிற்பங்களின் கீழே அவற்றைச் செய்வித்தவர்களின் பெயர்கள் வட்டெழுத்தில் இருக்கின்றன. பணத்துக்கு அன்று பெயர் இருந்தது. "என் பணம் எந்தக் கம்பெனியில் கிடக்கிறதோ, பரஸ்பர நிதிக்காரனுக்கே வெளிச்சம்!" என்று சிரித்தார் உடன் வந்த நண்பர். எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் சேமிப்பும் அப்படித்தான் கிடக்கிறது.

ஒடிசாவின் நியமகிரியில் பாக்சைட் வெட்ட முனைந்த வேதாந்தாவின் பங்குகளை நார்வே அரசின் ஓய்வூதிய நிதி 2007-இல் ஒதுக்கிற்று. இங்கிலாந்துத் திருச்சபை, பேசிப் பார்த்துவிட்டு, 2010-இல் விற்றது.

"வேறொருவன் வாங்கியிருப்பானே! என்ன பயன்?"

வாஸ்தவம். மலையைக் காத்தவர்கள், 2013-இல் 12 கிராம சபைகளில் 'வேண்டாம்' என்ற மலைமக்கள்தாம். விற்றவனுக்குக் கேள்வி கேட்கும் உரிமையும் போய்விடுகிறது. ஆனால் அடுத்த வீட்டுக்காரன் வாங்கிக்கொள்வான் என்பதற்காகத் திருட்டு நகையை நாம் பெட்டியில் வைத்துப் பூட்டுகிறோமா?

இதே மதுரைச் சீமையில், சமணப் படுக்கைகள் உள்ள அரிட்டாபட்டிப் பக்கம் டங்ஸ்டன் எடுக்க வேதாந்தாவின் துணைக் கம்பெனி 2024-இல் ஏலம் எடுத்தது. ஊரார் திரண்டதால் 2025 ஜனவரியில் அது ரத்தாயிற்று. அந்த ஏலத்தில் நம் காசும் இருந்ததோ என்னவோ!

இறங்கும்போது நண்பர் பேசவில்லை. தாமரைக் குளத்தருகே நின்று, கைப்பேசியில் தம் நிதியின் பங்குப் பட்டியலைத் தேடிக்கொண்டிருந்தார்.