சமபங்கு நீதியாகுமா?



கற்பிட்டிக் கரையில் சோளகக் காற்று பலமாய் வீசும் மாதங்களை நீங்கள் அறிவீர்கள். கடல் கொந்தளிக்கும், தோணிகள் மணலில் கிடக்கும், கடன் வாங்கித்தான் அடுப்பு எரியும். அத்தகைய நாளொன்றில் ஒரு தாய் கிளினிக்கிலிருந்து இரண்டு திரிபோஷா பைக்கற்றுகளுடன் வீடு திரும்புகிறாள் என்று வைத்துக்கொள்வோம். நிறை குறைந்த அவளது கடைசி மகனுக்கென்று கொடுக்கப்பட்ட மா அது. அவனுக்கு வயது ஒன்றரை. வீட்டிலோ ஐந்து வயதிலும் ஏழு வயதிலும் இருவர் பசியோடு நிற்கின்றனர். தாய் மாவைச் சீனியும் தேங்காய்ப்பூவும் சேர்த்துக் குழைத்து மூன்று உருண்டைகள் பிடிக்கிறாள். மூன்றும் ஒரே அளவு.

அடுத்த மாதம் பிள்ளையை நிறுத்துப் பார்த்த குடும்பநல உத்தியோகத்தர் கடிந்துகொள்கிறார். தாய் தலைகுனிந்து நிற்கிறாள். அவள் செய்தது பிழையா?

பிழையென்று சொல்ல நம் நா எழாது. பசித்த மூவரில் ஒருவருக்கு மட்டும் ஊட்டிவிட்டு மற்ற இருவரைப் பார்த்திருக்க எந்தத் தாய்க்கு மனம் வரும்? ஆயினும் உடலின் கணக்கு வேறு. சுமார் 50 சென்ரிமீற்றர் நீளத்தோடு பிறக்கும் குழந்தை, முதலாம் ஆண்டில் ஏறக்குறைய 25 சென்ரிமீற்றரும் இரண்டாம் ஆண்டில் ஏறக்குறைய 12 சென்ரிமீற்றரும் வளர்கிறது. பருவ வயதிலும் அந்த வேகம் திரும்ப வருவதில்லை. கருவிலும் இவ்விரு ஆண்டுகளிலும் இழந்த வளர்ச்சியைப் பின்னர் ஈடுசெய்வது மிகக் கடினம்.

“எங்கள் பரம்பரையே கட்டை” என்று ஆறுதல் சொல்லிக்கொள்வோரும் உண்டு. உலக சுகாதார நிறுவனம் பிரேசில், கானா, இந்தியா, நோர்வே, ஓமான், அமெரிக்கா ஆகிய ஆறு நாடுகளின் பிள்ளைகளை அளந்து 2006இல் வளர்ச்சி அளவுகளை வெளியிட்டது. நல்ல உணவும் பராமரிப்பும் பெற்ற பிள்ளைகள் ஐந்து வயதுவரை எங்கும் பெரும்பாலும் ஒரேவிதமாகவே வளர்கின்றனர் என்பது அதில் தெளிவாயிற்று. இரண்டு வயது ஆண்பிள்ளையின் சராசரி நீளம் சுமார் 88 சென்ரிமீற்றர்; 82க்குக் கீழே போனால் வளர்ச்சி குன்றியது என்பர். 2016ஆம் ஆண்டு ஆய்வின்படி, இலங்கையில் ஐந்து வயதுக்குட்பட்ட நூறு பிள்ளைகளில் 17 பேர் இந்நிலையில் இருந்தனர்.

நிறையைக் கூட்டிவிட்டால் மட்டும் போதாது. புனே நகரை அடுத்த கிராமங்களில் பிறந்த குழந்தைகளைப் பற்றி 2003இல் வெளியான ஆய்வொன்று இதைக் காட்டியது. அவர்களின் சராசரி நிறை சுமார் 2.7 கிலோ, இங்கிலாந்தின் சவுதாம்ப்டன் நகரில் 3.5 கிலோ. ஆனால் புனேக் குழந்தைகளில் தசை மிகவும் குறைந்திருந்தது. கொழுப்பு அந்த அளவுக்குக் குறையவில்லை. இத்தகைய பிள்ளைக்குத் தேநீரில் தோய்த்த பிஸ்கற்றையும் வெறும் சோற்றையும் கொடுத்தால், உயரம் ஏறாது, கொழுப்பே ஏறும். நாளடைவில் நீரிழிவுக்கும் வழி திறக்கும். அதற்கு வேண்டியது முட்டை, பருப்பு, மீன். நல்ல மீனெல்லாம் ஐஸ் பெட்டியில் கொழும்புக்குப் போனாலும், நெத்தலியும் சூடையும் நம் கரையில் இல்லாமற் போகவில்லையே!

அப்படியானால் நீதி எது? பங்கீட்டில் நீதி என்பது எல்லாருக்கும் ஒரே அளவு கொடுப்பதன்று, விகிதப்படி கொடுப்பதே என்று அரிஸ்டோட்டில் கற்பித்தார். பிள்ளைகளிடையே அந்த விகிதத்தைத் தேவையே தீர்மானிக்க வேண்டும். காலம் கடந்தால் திரும்பப் பெறமுடியாததை இழக்கப்போகிறவனுக்கே முதல் உரிமை. அந்த மா சின்னவனுடையது.

ஆனால் அவனுக்குரியதை மூத்த பிள்ளைகளின் வாயிலிருந்து எடுக்கச் சொல்வதா? முதலில் பெரியவர்களின் செலவைப் பார்ப்போம். கடலில் உழைப்பவனுக்குப் பெரிய மீன்துண்டு வேண்டியதுதான். மாலையில் போத்தலுக்குப் போகும் பணமும் வேண்டியதுதானா? அது எத்தனை முட்டைகளாகும்? கடைசியாகச் சட்டியை வழித்து உண்பவள் கர்ப்பிணியாயிருந்தால், பசி கருவிலேயே தொடங்கிவிடுகிறதன்றோ?

பொறுப்பு வீட்டு வாசலோடும் நிற்பதில்லை. 2022இன் நெருக்கடியில் தரமான சோளம் கிடையாததால், மூன்று வயதுக்குட்பட்டோருக்கான திரிபோஷா உற்பத்தி தடைப்பட்டது. அதில் அந்தத் தாயின் குற்றம் என்ன? மீனுக்கு விலை வைப்பவரும், கடன் கொடுத்து வலையை எழுதி வாங்குபவரும், அயல்வீட்டில் உலை ஏறவில்லை என்று தெரிந்தும் பேசாதிருக்கும் நாமும் அவள் வீட்டுப் பங்கீட்டில் பங்காளிகளே.

இருக்கும் மாவை எப்படிப் பங்கிடுவது என்பது தாயின் கேள்வி. அவளிடம் அவ்வளவுதான் இருப்பதேன் என்பது நம்முடைய கேள்வி. அடுத்த சோளகத்துக்கு முன் நாம் அதற்கு விடை தேட வேண்டாமா? வளரும் பிள்ளை அதுவரை காத்திராது.